'ரிப்போர்ட் நார்மல்'னு சொன்னாங்க... ஆனா கேன்சர்! கர்ப்பப்பை வாய் புற்றுநோயைத் தவறவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

அயர்லாந்தைச் சேர்ந்த விக்கி ஃபீலன், இரண்டு குழந்தைகளின் அம்மா. 2011-ல் அந்நாட்டு அரசின் இலவசத் திட்டத்தில் பாப் ஸ்மியர் பரிசோதனை செய்துகொண்டார். ரிசல்ட்: நார்மல். 2014-ல் அவருக்குக் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மீண்டுவந்தார்.

கதை இதோடு முடியவில்லை. 2014-லேயே அவருடைய பழைய ஸ்லைடை எடுத்து மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். 'நார்மல்' என்று சொன்னது தவறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதை விக்கியிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவந்தது 2017 செப்டம்பரில். அடுத்த சில மாதங்களில் புற்றுநோய் திரும்பி வந்தது. 2018 ஜனவரியில், இனி குணப்படுத்த முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

விக்கி வழக்கு போட்டார். 2018 ஏப்ரலில், ஸ்லைடைப் பரிசோதித்த அமெரிக்க லேப் 25 லட்சம் யூரோ தர ஒப்புக்கொண்டது. ஆனால், தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 'இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது' என்ற நிபந்தனைக்கு மட்டும் விக்கி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவர் கோர்ட் வாசலில் நின்று பேசிய பிறகுதான், அவரைப் போலவே இன்னும் பலர் இருப்பது வெளியே வந்தது. முந்தைய ரிசல்ட் வேறு மாதிரி வந்திருக்க வேண்டும் என்று மறுஆய்வில் தெரிந்த பெண்களின் எண்ணிக்கை 221. அவர்களில் பெரும்பாலானோருக்கு அதைச் சொல்லவே இல்லை. 2022 நவம்பரில், 48 வயதில் விக்கி இறந்தார். இப்படிப்பட்ட தவறுகளை நோயாளியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்ற சட்டம் அங்கே 2023-ல் நிறைவேறியது.

'அது அயர்லாந்து, நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்கலாம். 2022-ம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பே ஏதாவது ஒரு டாக்டரிடமோ, லேபிலோ, கேம்பிலோ போய் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அப்போதே கண்டுபிடித்திருக்க முடியுமா, முடியும் என்றால் அந்தத் தவறுக்கு யார் பொறுப்பு என்பதுதான் இங்கே பேசப்போகும் விஷயம்.

தவறவிட்டாலே அலட்சியமா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாப் ஸ்மியர் என்பது ஸ்கிரீனிங். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை ஸ்லைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சில கேஸ்கள் கண்ணில் படாமல் போகும். எச்.பி.வி டி.என்.ஏ பரிசோதனை அதைவிட நுட்பமானது. அதுவும் 100% இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறைக்கும் எல்லை உண்டு. (அதைக் குறைவாக எடை போட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து, 2007-ல் வெளியான பெரிய ஆய்வில் இந்த எளிய முறை மட்டுமே கர்ப்பப்பை வாய் புற்றுநோய் மரணங்களை 35% குறைத்தது.)

அதனால் கோர்ட் கேட்கும் கேள்வி 'தவறு நடந்ததா?' என்பது அல்ல. 'அந்த இடத்தில், அதே தகுதி உள்ள, சாதாரணக் கவனத்தோடு வேலை செய்கிற ஒருவர் இந்தத் தவறைச் செய்திருப்பாரா?' என்பதுதான். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இது. நாட்டிலேயே சிறந்த டாக்டரோடு ஒப்பிட மாட்டார்கள்.

ஸ்லைடு பார்ப்பதில் இந்த அளவுகோல் எப்படி வேலை செய்யும்? இங்கிலாந்தில் கென்ட் பகுதி மருத்துவமனை ஒன்றில் ஸ்மியர்களைத் தவறாகப் படித்ததால் பாதிக்கப்பட்ட மூன்று பெண்களின் வழக்கில், 1999-ல் அப்பீல் கோர்ட் பெண்கள் பக்கம் நின்றது. 'இது நார்மல்தான்' என்று ஸ்லைடைப் பார்ப்பவருக்கு முழு நம்பிக்கை இல்லையென்றால் நார்மல் என்று எழுதக் கூடாது, சீனியரிடம் அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த வழக்கின் மையம். அயர்லாந்தில் ரூத் மோரிஸி என்ற பெண்ணின் வழக்கிலும் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை இதே அளவுகோல் நின்றது. அவருக்கு 21 லட்சம் யூரோ தீர்ப்பானது. நான்கு மாதங்களில் அவர் இறந்துபோனார்.

எங்கேயெல்லாம் தவறு நடக்கும்?

ஸ்லைடைத் தவறாகப் படிப்பது ஒரு வகைதான். நம் ஊரில் அதைவிட சாதாரணமாக நடக்கக் கூடியவை வேறு.

உடலுறவுக்குப் பிறகு ரத்தம் வருகிறது, பீரியட்ஸ் இல்லாத நாள்களில் ரத்தம் படுகிறது, மெனோபாஸுக்குப் பிறகு திரும்ப ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றைச் சொன்ன பிறகும் ஸ்பெக்குலம் வைத்து கர்ப்பப்பை வாயைப் பார்க்காமல், 'இன்ஃபெக்‌ஷன்தாம்மா, சூடு உடம்பு' என்று மாதக்கணக்கில் மாத்திரை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவது. 'நீ இன்னும் சின்னப் பொண்ணு, உனக்கெல்லாம் வராது' என்று அனுப்பிவிடுவது. நேரில் பார்த்தாலே சந்தேகம் வரும் புண் இருந்தும், ஸ்மியர் நார்மல் என்பதால் பயாப்ஸி எடுக்காமல் விடுவது. கண்ணுக்குத் தெரிகிற கட்டி இருந்தால் ஸ்மியரை நம்பி உட்காரக் கூடாது, பயாப்ஸி எடுக்க வேண்டும் என்பது மருத்துவப் பாடம்.

அடுத்தது ரிப்போர்ட். லேப் சரியாகவே எழுதியிருக்கும், 'எச்.எஸ்.ஐ.எல்' என்று. அதாவது, தீவிரமான மாற்றம். ஆனால், அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விடும். நோயாளிக்கு போன் வராது. கால்போஸ்கோபிக்கு வரச் சொல்ல மாட்டார்கள். இப்படிப்பட்ட கேஸில் மருத்துவக் கருத்துவேறுபாட்டுக்கே இடமில்லை என்பதால், சட்டப்படி நோயாளியின் பக்கம் வலுவாக இருக்கும். உங்கள் போனில் பி.டி.எஃப் இருந்தால் இப்போதே திறந்து பாருங்கள். 'என்.ஐ.எல்.எம்' என்றால் புற்றுநோய்க்கான மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்று இருந்தால் அது நார்மல் கிடையாது. சாம்பிள் போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று பொருள். இதை நார்மல் என்று சொல்லி அனுப்பியிருந்தால், அதுவே ஒரு குறைபாடு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதிக ரத்தப்போக்கு என்று போகும் பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஆபரேஷனுக்கு முன் ஒரு பாப் ஸ்மியர்கூட எடுக்காமல், எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விட்டுவிட்டால், உள்ளே புற்றுநோய் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. புற்றுநோய்க்குச் செய்ய வேண்டிய ஆபரேஷன் வேறு, சாதாரணமாகக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் வேறு. தெரியாமல் சாதாரண ஆபரேஷன் செய்துவிட்டால் பின்னால் சிகிச்சை சிக்கலாகும். உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ கர்ப்பப்பை எடுத்திருந்தால், 'பயாப்ஸி ரிப்போர்ட் எங்கம்மா?' என்று ஒரு முறை கேளுங்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் அலட்சியம்தான். அதற்கு நம் மாநில உதாரணமே இருக்கிறது. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிப்பு வரலாம், கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நோய் வேறு. ஆனால், 'உரிய நேரத்தில் ஸ்கிரீனிங் செய்யச் சொல்லவில்லை' என்ற வாதம் இதேதான்.

கஷ்டமான கேள்வி: 'முன்னாடியே தெரிஞ்சிருந்தா?'

அலட்சியம் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதனால் உங்களுக்கு என்ன இழப்பு என்றும் காட்ட வேண்டும். பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழும் இடம் இதுதான். 'அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தாலும் இதே நிலைமைதான்' என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

கர்ப்பப்பை வாய் புற்றுநோயில் இதற்குப் பதில் சொல்ல ஓரளவு வழி இருக்கிறது. காரணம், இது மெதுவாக வளரும் நோய். எச்.பி.வி தொற்றிலிருந்து புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள். புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே பிடித்துவிட்டால், அந்த இடத்தை மட்டும் அகற்றும் சின்ன சிகிச்சையில் முடிந்துவிடும். கர்ப்பப்பை தப்பும், குழந்தை பெறும் வாய்ப்பும் தப்பும். தாமதமானால் பெரிய ஆபரேஷன், இல்லையென்றால் ரேடியேஷனும் கீமோவும். 30 வயதிலேயே மெனோபாஸ் வரலாம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் கர்ப்பப்பை வாயோடு இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் சுமார் 91% பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவிய பிறகு என்றால், 20%-க்கும் குறைவு.

அதனால் 'உயிர் பிழைத்துவிட்டேனே, கேஸ் போட முடியுமா?' என்று தயங்க வேண்டாம். கர்ப்பப்பையை இழந்தது, குழந்தை பெற முடியாமல் போனது, தேவையில்லாமல் ரேடியேஷன் எடுத்துக்கொண்டது எல்லாமே இழப்புதான்.

ஆனால், மாதங்களின் கணக்கு முக்கியம். இங்கிலாந்தில் ஒருவருக்கு அக்குளில் வந்த கட்டியைச் சாதாரணக் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது மாதம் கழித்துத்தான் அது லிம்போமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் 10 ஆண்டுகள் நோயின்றி வாழும் வாய்ப்பு 42%-லிருந்து 25% ஆகக் குறைந்தது. 2005-ல் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, 3-க்கு 2 என்ற கணக்கில் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆரம்பத்திலேயே அவருடைய வாய்ப்பு 50%-க்குக் கீழ்தான் இருந்தது, எனவே தாமதத்தால்தான் இழந்தார் என்று சொல்ல முடியாது என்பது வாதம். படிக்கும்போதே வயிறு எரிகிறது. ஆனால், உங்கள் வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: 'தவறவிட்ட அன்று என்ன ஸ்டேஜ், கண்டுபிடித்த அன்று என்ன ஸ்டேஜ்?'

எங்கே போவது?

பணம் கட்டி சிகிச்சை எடுத்தவர்களுக்கு நேரான வழி நுகர்வோர் ஆணையம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் வந்த புதிய சட்டத்தில் அந்தச் சொல் இல்லை என்று டாக்டர்கள் தரப்பு கிளப்பிய வாதம், 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி பில் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

எந்த ஆணையம் என்பதை முடிவுசெய்வது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்காகக் கட்டிய தொகை. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. சென்னையில் சிகிச்சை எடுத்திருந்தாலும், நீங்கள் வசிப்பதோ வேலை பார்ப்பதோ திருநெல்வேலி என்றால் அங்கேயே புகார் தரலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், வாரிசுகள் வழக்கு தொடரலாம்.

இலவச அரசு மருத்துவமனை என்றால்? எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றால் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசம் என்றால், இலவசமாகப் பார்த்தவரும் நுகர்வோர்தான் என்பது சாந்தா வழக்கின் தீர்ப்பு. வராத கேஸ்களில் சிவில் கோர்ட் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறது.

மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தந்தால் டாக்டர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. போலீஸ் கம்ப்ளெயின்ட் பற்றி: கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும். அதுவும் வேறொரு டாக்டரின் பாரபட்சமற்ற கருத்தைப் பெற்ற பிறகே நகரும். நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமான கேஸ்களில் இந்த வழி பெரும்பாலும் நேர விரயம் என்பது என் கருத்து.

இரண்டு வருடம்... எப்போதிலிருந்து?

நுகர்வோர் ஆணையத்தில் கெடு இரண்டு ஆண்டுகள். 2019-ல் ஸ்லைடைத் தவறாகப் படித்து, 2024-ல் கேன்சர் என்று தெரிந்தால்? நோயாளிக்குத் தெரியவந்த, அல்லது நியாயமான கவனம் இருந்தால் தெரிந்திருக்கக் கூடிய நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. ஆனால், எந்த வழக்கில் தெரியுமா? 1993-ல் நடந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பாதிக்கப்பட்ட பெண் ஒரு நர்ஸ். 2010-ல் அவருடைய புகார் தள்ளுபடியானது. 'இத்தனை வருடம் வலி இருந்தும், அனுபவமுள்ள நர்ஸான நீங்கள் ஏன் பரிசோதிக்கவில்லை?' என்பதே காரணம். அறிகுறி இருந்தும் சும்மா இருந்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார வேண்டாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் மெடிக்கல் ரெக்கார்டு. நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உள்நோயாளி ரெக்கார்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதே விதி. மூன்று வருடம் என்பது இந்த நோயின் வேகத்துக்கு ரொம்பக் குறைவு. அதனால் தேவை வருவதற்கு முன்பே பிரதி வாங்கி வைப்பது நல்லது.

ரிப்போர்ட்டைவிட முக்கியமானது ஸ்லைடு. பயாப்ஸி என்றால் பிளாக், அதாவது மெழுகில் பதித்த திசு. விக்கியின் வழக்கு முழுக்க அந்த ஒரு கண்ணாடித் துண்டை மறுபடி பார்த்ததில்தான் நின்றது. லேப்புக்கு 'என்னுடைய ஸ்லைடை அழிக்க வேண்டாம், மறுஆய்வுக்குத் தேவை' என்று எழுதிக் கொடுங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஸ்லைடும் பிளாக்கும் கொண்டுவரச் சொல்வது வழக்கம்தான். அங்கே சொல்லும் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். 'ரத்தப்போக்கு' என்று நீங்கள் சொன்னதை டாக்டர் எழுதியிருக்கும் ஒற்றை வரிதான் பின்னால் சாட்சி. வாட்ஸ்அப்பில் டாக்டரோ லேபோ அனுப்பிய மெசேஜ், அப்பாயின்ட்மென்ட் எஸ்.எம்.எஸ், ஜிபே ரசீது எல்லாவற்றையும் தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். போன் மாற்றும்போது இவைதான் முதலில் காணாமல் போகும்.

நிபுணர் சாட்சி எல்லா வழக்கிலும் கட்டாயம் இல்லை. மலேரியா நோயாளிக்கு டைஃபாய்டு சிகிச்சை தந்த வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி, 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. மோசமான ரிப்போர்ட்டைச் சொல்லாமல் விட்ட கேஸுக்கு இந்தத் தீர்ப்பு உதவும். ஸ்லைடைத் தவறாகப் படித்தார்கள் என்றால் கதை வேறு. இன்னொரு பெத்தாலஜிஸ்ட் வந்து சொன்னால்தான் ஆணையம் நம்பும். சக டாக்டருக்கு எதிராக எழுதித் தர ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. அதனால்தான் வேறு மருத்துவமனையின் மறுஆய்வு ரிப்போர்ட்டைச் சிகிச்சையின் போக்கிலேயே வாங்கிவிடச் சொல்கிறேன்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பலருக்கும் இது தெரிவதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நுகர்வோர் புகார் குறித்த சந்தேகங்களுக்கு 1915. போவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: முதல் அறிகுறி எப்போது, யாரிடம் காட்டினீர்கள், என்ன சொன்னார்கள், எந்த டெஸ்ட், ரிசல்ட் எப்போது கைக்கு வந்தது, கேன்சர் என்று முதலில் சொன்னது யார், அன்று என்ன ஸ்டேஜ். அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் வழக்கு நிற்குமா நிற்காதா என்று வக்கீல் உங்களிடம் சொல்வார்.